‘அண்ட்’டுக்குப் பிறகு யார்? ஆங்கிலத்தில் எழுவாயை விடுவதும் திரும்பச் சொல்வதும்



இந்த முறை ஆங்கில இலக்கணத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு வாக்கியத்தில் ‘அண்ட்’, ‘பட்’, ‘பிகாஸ்’ மாதிரி ஓர் இணைப்புச் சொல் வருகிறது. அதற்குப் பிறகு ‘ஐ’, ‘ஷீ’, ‘தே’ என்ற எழுவாயை மறுபடியும் எழுத வேண்டுமா, விட்டுவிடலாமா? அவ்வளவுதான் கேள்வி.

“இது ஒரு பெரிய விஷயமா அக்கா?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வார இறுதிகளில் உயர்நிலை மாணவர்களுக்கும், கோயில் விழாக்களில் உதவும் தொண்டூழியர் சிலருக்கும் ஆங்கிலம் எழுதப் பயிற்சி தருகிறேன். அவர்கள் தரும் தாள்களில் நான் அதிகம் வட்டமிடுவது எழுத்துப்பிழையை இல்லை, இந்த இடத்தைத்தான். ஏன் என்பதற்குப் பயிற்சிக்காக நான் எழுதிய இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தப்புவது காதில் மாட்டும்.

“த வாலன்டியர் இன்ஃபார்ம்ட் த மதர் அண்ட் வாஸ் க்ரையிங்.”

எழுதியவர் மனதில் அழுதது அம்மா. ஆனால் வாக்கியம் என்ன சொல்கிறது? தொண்டூழியர் அம்மாவிடம் தகவல் சொன்னார், அழுதுகொண்டும் இருந்தார். அழுதது தொண்டூழியர்! இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்தது அப்படியில்லை.

“த வாலன்டியர் ஸா த மேன் அண்ட் புஷ்ட் த பாய்.”

எழுதியவர் சொல்ல நினைத்தது, அந்த ஆள் பையனைத் தள்ளினார், தொண்டூழியர் அதைப் பார்த்தார் என்பது. ஆனால் எழுதியிருப்பதோ, தொண்டூழியர் அந்த ஆளைப் பார்த்தார், பிறகு தொண்டூழியரே பையனைத் தள்ளினார் என்று. இது ஒரு சம்பவ அறிக்கையில் இருந்தால் என்ன ஆகும்? படிக்கிற அதிகாரி அந்த இடத்தில் இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தாளில் இருப்பது மட்டும்தான். எழுவாய் ஒன்று இல்லாமல் போனதால் உதவி செய்யப் போனவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். அதனால்தான் இந்தச் சின்ன விஷயத்துக்கு ஒரு முழுக் கட்டுரை.

தமிழில் நாம் எப்படிச் செய்கிறோம்?

முதலில் நம் மொழியைப் பார்த்துவிடுவோம். தமிழ் வகுப்பில் ‘தோன்றா எழுவாய்’ என்று படித்திருப்பீர்கள். “நேற்று வந்தேன்” என்றால் ‘நான்’ என்ற சொல் வாக்கியத்தில் இல்லை. ஆனாலும் யார் வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ‘ஏன்’ என்ற விகுதி சொல்லிவிடுகிறது. வந்தான், வந்தாள், வந்தார்கள், வந்தது என்று ஒவ்வொன்றிலும் வினைச்சொல்லின் வால் பகுதி ஆளைக் காட்டுகிறது. எழுவாய் ஒளிந்திருக்கலாம், ஆனால் தொலைந்து போகவில்லை.

பல செயல்களைச் சேர்த்துச் சொல்லும்போது நமக்கு ‘அண்ட்’ கூடத் தேவையில்லை. “தேக்காவுக்குப் போய், காய்கறி வாங்கி, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.” நான்கு செயல்கள். ‘போய்’, ‘வாங்கி’, ‘பிடித்து’ ஆகிய வினையெச்சங்களில் ஆள் இல்லை. கடைசியில் வரும் ‘வந்தேன்’ நான்குக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறது.

இதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் வினையியலில் இது வருகிறது. ‘செய்து’ என்ற வாய்பாட்டு எச்சம் எந்த வினைமுதலைக் கொண்டதோ, அதே வினைமுதலின் வினையில்தான் முடிய வேண்டும். போனவரும் வாங்கியவரும் வந்தவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்று பொருள். “குமார் கதவைத் திறந்து, மாலா உள்ளே வந்தாள்” என்றால் காதுக்கே இடிக்கிறது இல்லையா? “குமார் கதவைத் திறந்ததும் மாலா உள்ளே வந்தாள்” என்று எச்சத்தை மாற்றிவிடுவோம். ‘மழை பெய்து குளம் நிரம்பியது’ போன்ற விலக்குகள் உண்டு. அங்கே மழை காரணம், குளம் நிரம்பியது விளைவு. ஆனால் பொது விதி, ஆள் ஒன்றாக இருந்தால் சேர்த்துக்கொண்டு போகலாம், ஆள் மாறினால் வடிவமும் மாற வேண்டும் என்பதே.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில விதியில் பாதியை நீங்கள் இப்போதே படித்துவிட்டீர்கள்.

சிங்கப்பூரில் ஏன் இது இன்னும் வழுக்குகிறது?

நம் ஊரில் எழுவாயை விடுவது தமிழ்ப் பழக்கம் மட்டும் இல்லை. மலாய்க்கார நண்பர் “சுடா மாக்கான்?” என்று கேட்டால், அதில் ‘நீ’ என்ற சொல் இல்லை. மாண்டரினில் “சாப்பிட்டாயா?” என்று கேட்கும்போதும் அப்படித்தான். அந்த இரண்டு மொழிகளிலும் வினைச்சொல்லில் நம்முடையது போல விகுதியும் கிடையாது. பேசுகிற இடத்தையும் எதிரில் நிற்பவரையும் வைத்தே புரிந்துகொள்கிறார்கள். நம் பக்கத்து வீட்டு மலையாளமும் அந்த மாதிரிதான். ‘வந்நு’ என்றால் நான், நீ, அவன் யாராகவும் இருக்கலாம்.

இத்தனை மொழிகளும் சந்தையிலும் பள்ளியிலும் வீவக புளோக்குக்குக் கீழேயும் ஒன்றாகப் புழங்கிப் பிறந்த பேச்சுதான் சிங்கிலிஷ். அதனால் அதிலும் எழுவாய் சுலபமாக விழுந்துவிடும். “ஆல்ரெடி ஈட்”, “நோ நீட்”, “கேன்” எல்லாம் அப்படித்தான். அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. உணவங்காடியில் “தே பெங் ஒன், டேக் அவே” என்று சொன்னால் வேலை முடிந்தது. யார் குடிக்கப் போகிறார்கள் என்று கடைக்காரர் கேட்கப் போவதில்லை. எதிரில் நிற்கிறோம், அவருக்குத் தெரியும்.

1987-இல் நம் பள்ளிகள் எல்லாம் ஆங்கிலத்தையே முதல் மொழியாகக் கொண்டுவிட்டன. 2000-இல் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கியது. அன்றிலிருந்து சிங்கிலிஷ் நல்லதா கெட்டதா என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. நான் மாணவர்களிடம் சொல்வது இதுதான். பேச்சில் இடமும் முகமும் எழுவாயை நிரப்புகின்றன. எழுத்தில் இடமும் இல்லை, முகமும் இல்லை. மின்னஞ்சல், அறிக்கை, தேர்வுத்தாள் இவற்றைப் படிப்பவர் உங்கள் எதிரில் நிற்கவில்லை.

நம் தமிழிலேயே இந்த ஆபத்து இருக்கிறது. “சொல்லியாச்சு” என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தாச்சு, முடிச்சாச்சு, சொல்லியாச்சு இவற்றில் ஆளைக் காட்டும் விகுதி இல்லை. “பையனோட அப்பாவுக்குச் சொல்லியாச்சா?” “ம், சொல்லியாச்சு.” யார் சொன்னது? நீயா, அவளா? ஒவ்வொருவரும் இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, கடைசியில் யாருமே சொல்லாமல் விட்டது எத்தனை வீட்டில் நடந்திருக்கிறது! சிங்கிலிஷில் இதையே “இன்ஃபார்ம் ஆல்ரெடி” என்போம். அப்படியே அறிக்கையில் எழுதினால் பொறுப்பு காற்றில் பறந்துவிடும்.

இனி ஆங்கில விதிகள். நான்குதான்.

விதி 1: அண்ட், பட், ஆர் வந்து ஆள் ஒன்றாக இருந்தால் விடலாம்

“ஐ வென்ட் டு தேக்கா, பாட் வெஜிடபிள்ஸ், டுக் எ பஸ் அண்ட் கேம் ஹோம்.”

மேலே பார்த்த தமிழ் வாக்கியம்தான் இது. ‘ஐ’ ஒரே முறை. தமிழில் ஆள் கடைசி வினையின் வாலில் இருந்தார், ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தலையில் இருக்கிறார். தலையில் ஒரு முறை சொன்னதை, பின்னால் வரும் வினைகள் எல்லாம் பகிர்ந்துகொள்கின்றன.

“ஷீ வாஸ் டயர்ட் பட் ஃபினிஷ்ட் த கோலம்.” களைத்தவரும் அவர்தான், கோலம் போட்டு முடித்தவரும் அவர்தான். விடலாம்.

“யூ கேன் வெயிட் ஹியர் ஆர் கோ இன்சைட்.” இங்கே ‘யூ’ மட்டும் இல்லை, ‘கேன்’ என்ற துணைவினையும் சேர்ந்தே பகிரப்படுகிறது.

எழுவாயைத் திரும்பச் சொன்னால் தப்பா? தப்பில்லை. “ஷீ வாஸ் டயர்ட், பட் ஷீ ஃபினிஷ்ட் த கோலம்” என்றும் எழுதலாம். அழுத்தம் கொஞ்சம் கூடும். ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் தன் வெற்றியை மூன்றே சொற்களில் லத்தீனில் அறிவித்தார் என்பார்கள். லத்தீனும் தமிழ் மாதிரி விகுதி உள்ள மொழி என்பதால் அதில் ‘நான்’ என்ற சொல்லே இல்லை. அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது ‘ஐ’ மூன்று முறை வருகிறது. அந்த ஒவ்வொரு ‘ஐ’யும் மேசையில் கை தட்டுகிற மாதிரி இருக்கும். மேடைப் பேச்சுக்கு அது நல்லது. ஆனால் நாள் முழுக்க நடந்ததை எழுதும்போது “ஐ வோக் அப் அண்ட் ஐ பிரஷ்ட் அண்ட் ஐ பேத்ட் அண்ட் ஐ வென்ட்” என்று போனால் படிப்பவருக்கு அலுத்துவிடும்.

இந்த விதியோடு இரண்டு துணைக்குறிப்புகள்.

ஒன்று, காற்புள்ளி. ‘அண்ட்’டுக்குப் பிறகு எழுவாய் இருந்தால் முன்னால் காற்புள்ளி போடுவது வழக்கம். எழுவாயை விட்டுவிட்டால் காற்புள்ளி வேண்டாம். “த ப்ரீஸ்ட் லிட் த லேம்ப் அண்ட் ஓப்பன்ட் த டோர்ஸ்.” காற்புள்ளி இல்லை. “த ப்ரீஸ்ட் லிட் த லேம்ப், அண்ட் த டிவோட்டீஸ் கேம் இன்.” ஆள் மாறியது, காற்புள்ளி வந்தது.

இரண்டு, ‘எஸ்’ விகுதி. எழுவாய் தூரத்தில் போய்விட்டதால் இதை மறந்துவிடுகிறோம். “மை அங்கிள் லிவ்ஸ் இன் ஈசூன் அண்ட் வொர்க் இன் ஜூரோங்” என்பது தவறு. அங்கிள் இன்னும் அங்கிள்தான், அதனால் ‘வொர்க்ஸ்’. ஓ லெவல் ஆங்கிலம் முதல் தாளில் பிழை திருத்தும் பகுதி இருக்கிறதே, அங்கே இந்த மாதிரிப் பிழையைத் தேடுங்கள். ‘அண்ட்’டைக் கண்டால் நின்று, பின்னால் இருக்கும் வினையை முதல் எழுவாயோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

விதி 2: பிகாஸ், வென், இஃப், ஆல்தோ வந்தால் விடக்கூடாது

நாம் அதிகம் சறுக்குவது இங்கேதான். “உடம்பு சரியில்லாததால் சீக்கிரம் கிளம்பிட்டா.” தமிழில் ‘அவள்’ என்ற சொல் எங்கேயும் இல்லை, கேட்கவும் நன்றாக இருக்கிறது. அதை அப்படியே மாற்றி “ஷீ லெஃப்ட் ஏர்லி பிகாஸ் வாஸ் சிக்” என்று எழுதினால் ஆங்கிலத்தில் தவறு. ஆள் ஒருவராகவே இருந்தாலும் தவறுதான். “ஷீ லெஃப்ட் ஏர்லி பிகாஸ் ஷீ வாஸ் சிக்” என்று எழுத வேண்டும்.

அண்ட் வந்தால் விடலாம், பிகாஸ் வந்தால் கூடாது. இது என்ன நியாயம்? ஒரு வீவக வீட்டை நினைத்துப் பாருங்கள். ‘அண்ட்’ ஒரே வீட்டுக்குள் இருக்கும் இரண்டு அறைகளைச் சேர்க்கிறது. வீட்டுக்கு ஒரு வாசல் போதும். ‘பிகாஸ்’ தனக்கென்று இன்னொரு வீட்டையே கொண்டுவருகிறது. அது பக்கத்து யூனிட். உள்ளே இருப்பது அதே குடும்பமாக இருந்தாலும் அதற்குத் தனி வாசல் வேண்டும். அந்த வாசல்தான் எழுவாய்.

பிகாஸ், சின்ஸ், வென், வைல், ஆஃப்டர், பிஃபோர், இஃப், அன்லெஸ், ஆல்தோ எல்லாம் இந்த வகை.

எழுவாய் மனிதராக இல்லாத இடத்தில் இன்னும் ஏமாந்துவிடுவோம். “மழை பெஞ்சதால காத்திருந்தோம்” என்பதை “வீ வெயிட்டட் பிகாஸ் வாஸ் ரெய்னிங்” என்று எழுதுவார்கள். “பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்” என்பதே சரி. அந்த ‘இட்’டுக்குப் பொருள் என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை. வாசல் வேண்டும் என்பதற்காகவே வைத்த வாசல் அது. தமிழில் இப்படி ஒரு சொல் இல்லாததால் நமக்கு ஞாபகம் வருவதில்லை.

‘ஆல்தோ’வோடு ‘பட்’டையும் சேர்த்துப் போடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. “ஆல்தோ ஷீ வாஸ் டயர்ட், பட் ஷீ கேம்.” இரண்டில் ஒன்று போதும்.

விதி 3: ஸோ, நார், தென் மூன்றிலும் கவனம்

‘ஸோ’ பார்க்க ‘அண்ட்’ மாதிரியே இருக்கும். ஆனால் எழுத்தில் எழுவாயைக் கேட்கும். “த டிரெய்ன் பிரோக் டவுன், ஸோ டுக் எ பஸ்” என்று எழுதாதீர்கள். “ஸோ வீ டுக் எ பஸ்.”

‘நார்’ எழுவாயைக் கேட்பதோடு நிற்காது, இடத்தையும் மாற்றும். “ஹீ டிட் நாட் கால், நார் டிட் ஹீ டெக்ஸ்ட்.” துணைவினை முன்னால், எழுவாய் பின்னால்.

‘தென்’ இணைப்புச் சொல்லே இல்லை. “வீ ப்ரேட், தென் ஏட்” என்று பேச்சில் சொல்லலாம். எழுத்தில் “வீ ப்ரேட் அண்ட் தென் ஏட்” என்று ‘அண்ட்’டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இணைப்புச் சொல்லே இல்லாமல் காற்புள்ளியை மட்டும் வைத்து இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டுவதும் கூடாது. “த பஸ் வாஸ் லேட், வீ மிஸ்ட் த பூஜை.” தமிழில் இதை நாம் தாராளமாகச் செய்கிறோம். ஆங்கிலத்தில் முற்றுப்புள்ளி வைத்துப் பிரியுங்கள், அல்லது “ஸோ வீ மிஸ்ட்” என்று சேருங்கள்.

விதி 4: ‘இங்’கில் ஒளிந்திருப்பவர்

பிகாஸ் வகைக்கு எழுவாய் கட்டாயம் என்றேன். ஆனால் “ஆஃப்டர் வாஷிங் அவர் ஃபீட், வீ என்டர்ட் த டெம்பிள்” என்று எழுதுகிறோமே, அது எப்படி? இங்கே வினை முழு வினையாக இல்லாமல் ‘இங்’ வடிவத்துக்கு மாறிவிட்டது. கிட்டத்தட்ட நம் வினையெச்சம் மாதிரி. கால் கழுவிவிட்டுக் கோயிலுக்குள் போனோம்.

வினையெச்சம் மாதிரி என்றால் கட்டுப்பாடும் அதே மாதிரிதான். கால் கழுவியவரும் உள்ளே போனவரும் ஒருவராக இருக்க வேண்டும். “வைல் வாக்கிங் அலாங் சிராங்கூன் ரோடு, த ரெயின் ஸ்டார்ட்டட்” என்று எழுதினால் என்ன ஆகும்? நடந்து போனது மழை! “வைல் வீ வேர் வாக்கிங் அலாங் சிராங்கூன் ரோடு, த ரெயின் ஸ்டார்ட்டட்” என்று எழுவாயைக் கொண்டுவந்துவிட்டால் சரி.

“குமார் கதவைத் திறந்து, மாலா உள்ளே வந்தாள்” என்ற வாக்கியம் உங்கள் காதில் இடித்ததே, அதே இடிதான் இது. தொல்காப்பியர் காட்டிய வழியை வைத்து ஓர் ஆங்கிலப் பிழையைப் பிடிக்கிறோம். தமிழ் தெரிந்திருப்பது ஆங்கிலத்துக்குத் தடை என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

திரும்பச் சொன்னாலும் குழம்புமா?

குழம்பும். “சந்தேகம் வந்தால் எழுவாயைப் போட்டுவிடு” என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. இந்த இரண்டையும் பாருங்கள்.

“த ஆஃபிசர் ஸ்போக் டு த மேன் அண்ட் லெஃப்ட்.”
“த ஆஃபிசர் ஸ்போக் டு த மேன், அண்ட் ஹீ லெஃப்ட்.”

முதல் வாக்கியத்தில் குழப்பமே இல்லை. போனது அதிகாரி. இரண்டாவதில் ‘ஹீ’ இருக்கிறது, ஆனால் எந்த ‘ஹீ’? அதிகாரியா, அந்த ஆளா? எழுவாயைச் சேர்த்ததும் வாக்கியம் முன்பைவிட மங்கலாகிவிட்டது. அதிகாரிதான் போனார் என்றால் விட்டுவிடுவதே நல்லது. அந்த ஆள் போனார் என்றால் ‘ஹீ’ போதாது, “அண்ட் த மேன் லெஃப்ட்” என்று பெயரையே திரும்ப எழுத வேண்டும்.

தொடக்கத்தில் பார்த்த வாக்கியத்தையும் இப்போது நீங்களே திருத்தலாம். “த வாலன்டியர் ஸா த மேன் அண்ட் ஹீ புஷ்ட் த பாய்” என்றால் போதுமா? போதாது. ‘ஹீ’ யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. “த வாலன்டியர் ஸா த மேன் புஷ் த பாய்” என்றால் தெளிவு. இங்கே ‘அண்ட்’டே வேண்டியதில்லை.

ஆக, கேள்வி எழுவாய் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் இல்லை. படிப்பவர் சரியான ஆளைப் பிடிப்பாரா என்பதுதான்.

விடுவதே அழகாக இருக்கும் இடங்கள்

எழுவாயை எப்போதும் எழுதியே தீர வேண்டும் என்று பயந்துவிடாதீர்கள். ஆங்கிலத்துக்கும் ஒரு தோன்றா எழுவாய் உண்டு. அது கட்டளை வாக்கியம். “ரிமூவ் யுவர் ஷூஸ் அண்ட் வாஷ் யுவர் ஃபீட்.” இரண்டு வினைக்கும் ‘யூ’தான் எழுவாய், ஆனால் எங்கேயும் எழுதவில்லை. அறிவிப்புப் பலகைக்கு அதுவே சரி.

நண்பர்களுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியில் “ரீச்ட் ஹோம், வில் கால் லேட்டர்” என்று அனுப்பலாம். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் செய்தியிலும் நாட்குறிப்பிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் மின்னஞ்சலில் மட்டும் அந்தப் பழக்கம் வேண்டாம். “ஆம் இன்டரஸ்டட் இன் த போஸ்ட் அண்ட் வில் பி ஃப்ரீ ஃப்ரம் ஜூன்” என்று தொடங்கினால், நீங்கள் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் முதல் வரியிலேயே அவசரக்காரராகத் தெரிவீர்கள். தலையில் ஒரே ஒரு ‘ஐ’ வைத்தால் மீதி எல்லாம் சரியாக உட்கார்ந்துவிடும்.

ஒரு பயிற்சி

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தண்டாயுதபாணி கோயில்வரை, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் காவடிகளும் பால்குடங்களும் போகும். அந்த வழியில் உதவும் தொண்டூழியர் ஒருவர் எழுதுவதாகக் கற்பனை செய்துகொண்டு இந்த ஏழு வாக்கியங்களை அமைத்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள். ஒன்றில் பிழை இல்லை. விடையைப் பார்ப்பதற்கு முன் தாளில் எழுதிவிடுங்கள்.

1. வீ ரீச்ட் ஏர்லி பிகாஸ் வான்டட் டு ஹெல்ப் இன் த கிச்சன்.
2. ப்ரியா ஃபில்ட் த பாட்டில்ஸ், அண்ட் கேரீட் தெம் அவுட்சைட்.
3. வைல் போரிங் த வாட்டர், த டேபிள் கொலாப்ஸ்ட்.
4. ஏன் ஓல்ட் மேன் ஃபெயின்டட், ஸோ கால்ட் த ஆம்புலன்ஸ்.
5. த பேராமெடிக் செக்ட் ஹிம் அண்ட் கேவ் ஹிம் வாட்டர்.
6. ஹிஸ் சன் டோல்ட் த பேராமெடிக் தட் ஹீ ஹேட் நாட் ஈட்டன்.
7. மை ஃப்ரெண்ட் ஸ்டேஸ் நியர்பை அண்ட் வாலன்டியர் எவ்ரி இயர்.

விடைகள்

1. “பிகாஸ் வீ வான்டட்.” பக்கத்து வீட்டுக்கு வாசல் வேண்டும்.

2. காற்புள்ளியை எடுத்துவிடுங்கள். நிரப்பியவரும் தூக்கிப் போனவரும் ப்ரியாதான்.

3. தண்ணீர் ஊற்றியது மேசை என்று ஆகிவிட்டது. “வைல் வீ வேர் போரிங் த வாட்டர்” என்று எழுதுங்கள்.

4. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது யார்? மயங்கியவரே கூப்பிட்டாரா? “ஸோ ஐ கால்ட்” அல்லது “ஸோ ப்ரியா கால்ட்” என்று ஆளைச் சொல்லுங்கள். ஏழு வாக்கியங்களில் இதுதான் மிக முக்கியமானது. யார் கூப்பிட்டார் என்று பிறகு நிச்சயம் கேட்பார்கள்.

5. பிழை இல்லை. இரண்டையும் செய்தவர் மருத்துவ உதவியாளர்.

6. இலக்கணப்படி பிழை இல்லை, ஆனால் அறிக்கைக்கு ஆகாது. சாப்பிடாமல் இருந்தது மகனா, பெரியவரா, மருத்துவ உதவியாளரா? “தட் ஹிஸ் ஃபாதர் ஹேட் நாட் ஈட்டன்” என்று எழுதினால் சிகிச்சை கொடுப்பவருக்கும் உதவும்.

7. “வாலன்டியர்ஸ்.” ‘அண்ட்’டுக்குப் பிறகும் அதே ஒரு நண்பர்தான்.

ஆறாவதில் தடுமாறியிருந்தால் கவலைப்படாதீர்கள். தேர்வுத்தாளில் அதைத் தவறு என்று யாரும் குறிக்கமாட்டார்கள். வாழ்க்கையில்தான் அது தவறாகும்.

எழுதி முடித்த பிறகு ஒரு நிமிடம்

விதியெல்லாம் மறந்து போனாலும் இந்த ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும், அனுப்புவதற்கு முன், ஒவ்வொரு வினைச்சொல்லின் மேலும் விரலை வைத்து “யார்?” என்று கேளுங்கள். பதில் அந்த வாக்கியத்திலேயே இருக்க வேண்டும், ஒருவராக இருக்க வேண்டும். உங்கள் மனதில் இருப்பது கணக்கில் வராது.

தமிழ் இலக்கணத்தில் வினையைச் செய்பவருக்கு வினைமுதல் என்று பெயர், கருத்தா என்றும் சொல்வோம். தானே செய்பவர் இயற்றுதல் கருத்தா, பிறரைச் செய்ய வைப்பவர் ஏவுதல் கருத்தா. தச்சன் கட்டிய கோயில், அரசன் கட்டிய கோயில் இரண்டும் ஒரே கோயிலாக இருக்கலாம். கல்லைச் செதுக்கியது யார், கட்டச் சொன்னது யார் என்பதைக்கூடப் பிரித்துப் பார்த்த இலக்கணம் நம்முடையது. அந்தக் கவனத்தை நாம் எழுதும் ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனால் போதும்.

இந்த வாரம் நீங்கள் அனுப்பப் போகும் ஏதாவது ஓர் ஆங்கில மின்னஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியருக்கானது, அலுவலகத்துக்கானது, எதுவானாலும் சரி. அதில் உள்ள அண்ட், பட், ஸோ, பிகாஸ் எல்லாவற்றையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு யார் நிற்கிறார் என்று பாருங்கள். யாரும் இல்லாத இடத்தில் யாராவது நிற்க வேண்டுமா என்று முடிவு செய்துவிட்டு, அப்புறம் அனுப்புங்கள்.